இரண்டு மருத்துவ இடங்களுள் எதை ஏற்பது?

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா மேடைக்கு வருகிறவர்கள் சங்கத்தின் சாதனைகளைப் பாராட்டிப் பேசுவது மரபு. அப்பணியை எனக்கு முன் பேசிய நண்பர்கள் செவ்வனே நிறைவேற்றிவிட்டார்கள். நான் ஒரே ஒரு பொருளைப் பற்றிப் பேச அனுமதி கோருகிறேன். நம் பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்குவது எப்படி என்று பல கூட்டங்களில் பேசியிருக்கிறோம். ஒன்றுக்கு இரண்டாக இடம் கண்முன் வந்து நின்றால் எதை ஏற்பது என்று இதுவரை பேசியதில்லை. அப்படியொரு நிலை வருமென்று நம் பாட்டனார்கள் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள். ஆகையால் அதற்கு வழிகாட்டும் அனுபவம் நம் வீடுகளில் இன்னும் சேரவில்லை.

இந்தச் செங்கற்பட்டு ஜில்லாவின் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891ஆம் ஆண்டில் நம் மக்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடத் தமக்குச் சொந்தமில்லாத நிலையை அவர் அரசாங்கத்தின் முன் வைத்தார். 1892இல் பஞ்சமி நில ஆணை பிறக்க அதுவே காரணமாயிற்று. அதற்கு மறு ஆண்டில், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். பிற்காலத்தில் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்த அப்பெருமகனார், கோயமுத்தூரில் மாணவராக இருந்தபோது தம் ஊரும் உறவும் சாதியும் பிறருக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, பள்ளி தொடங்கும் நேரம் வரை வெளியில் எங்கேனும் ஒதுங்கியிருந்து பின்னரே உள்ளே போனதாகத் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். இடம் கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிட்டதாகாது என்பதை நம் வட்டாரத்துப் பெரியவர் ஒருவரே இவ்வாறு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதனை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

அண்மையில் ஒரு தந்தையார் என்னைத் தேடி வந்தார். அவர் மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவள். 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டின்படி கலந்தாய்வுக்கு அழைப்பு வந்திருந்தது. “ஐயா, நம் ஊருக்குப் பக்கத்திலேயே தனியார் கல்லூரி இருக்கிறது. காலையில் பஸ் ஏறினால் மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம். அரசுக் கல்லூரி என்றால் நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஆசாரிப்பள்ளம் வரை போகவேண்டியிருக்கும் என்கிறார்கள். இரண்டுக்கும் கட்டணம் சர்க்கார்தான் கட்டுகிறது. பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவானேன்?” என்று கேட்டார்.

அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. பெற்ற மகளைப் பத்து மணி நேரப் பயணத் தொலைவில் விட்டுவர எந்தத் தந்தைக்கும் மனம் வராது. ஆயினும் நான் ஆசாரிப்பள்ளத்தையே சொன்னேன். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே கூறுகிறேன்.

மருத்துவப் படிப்பு நாலரை ஆண்டு; அதன்பின் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. முதலாண்டில் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய பாடங்கள். இவற்றைப் புத்தகத்திலும் பிண அறுவைக் கூடத்திலும் கற்றுக்கொள்ளலாம். அதற்குப் பிறகு உண்மையான ஆசிரியர் நோயாளிதான். நள்ளிரவில் பிரசவ வார்டில் நிற்கவேண்டும். வயலில் பாம்பு கடித்துத் தூக்கிவரப்படுகிறவருக்கு எப்போது மருந்து ஏற்றுவது, எப்போது காத்திருப்பது என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டும். நம் செங்கற்பட்டு அரசு மருத்துவமனையைப் பாருங்கள். ஜி.எஸ்.டி. சாலையில் அடிபட்டவர்கள் எந்நேரமும் அங்கே வந்தவண்ணம் இருக்கிறார்கள். 1965இல் தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரியில் படித்தவர்களுக்கு அந்த மருத்துவமனையே பாடப் புத்தகமாக இருந்து வந்திருக்கிறது. கட்டணமின்றிச் சிகிச்சை பெற ஏழை மக்கள் திரளும் அரசு மருத்துவமனைக்கும், பணம் கட்டக்கூடியவர்களையே பெரிதும் எதிர்பார்க்கும் மருத்துவமனைக்கும் வேற்றுமை இங்கேதான் இருக்கிறது. தனியார் கல்லூரிகளிலும் நோயாளிகள் நிறைந்த மருத்துவமனைகள் உண்டு; நான் மறுக்கவில்லை. சேரப்போகும் கல்லூரி அத்தகையதா என்பதை நேரில் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டும். கட்டடத்தையும் தோட்டத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். காலை ஒன்பது மணிக்குப் புறநோயாளிப் பிரிவில் போய் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கூட்டம் இருக்கிறதா, கட்டில்கள் நிரம்பியிருக்கின்றனவா என்பது தானே தெரிந்துவிடும்.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஆஸ்டியோபதி என்றொரு மருத்துவ முறை உண்டு. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1892இல் மிசௌரி மாநிலத்துக் கர்க்ஸ்வில் என்னும் சிற்றூரில் அதற்கு முதற் கல்லூரியைத் தொடங்கினார். நெடுங்காலம் அதனை இரண்டாந்தரமாகவே கருதினார்கள். இன்று அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் அப்பட்டம் பெற்றவர் மற்ற மருத்துவரைப் போலவே அறுவை செய்யவும் மருந்து எழுதவும் உரிமை பெற்றிருக்கிறார். மேற்பயிற்சிக்கான அங்கீகார முறையும் 2020இல் இருசாராருக்கும் ஒன்றாக்கப்பட்டுவிட்டது. அக்கல்லூரிகளில் பலவற்றுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது. மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களை வெவ்வேறு ஊர் மருத்துவமனைகளுக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். ஆகவே அங்கே இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவன், “கடைசி இரண்டு ஆண்டுகள் என்னை எந்த மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள்? படித்து முடிக்கையில் என் தலையில் எவ்வளவு கடன் இருக்கும்?” என்று கேட்டாகவேண்டும். செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே இப்படியென்றால், கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்கவைக்கும் நாம் எத்தனை முறை கேட்கவேண்டும்!

அடுத்தது பணம். அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் அடங்கும். தனியார் கல்லூரியில், அரசு ஒதுக்கீட்டு இடமாயினும், அது இலட்சங்களில் ஏறும். 2020ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்கு முதன்முதலாகக் கலந்தாய்வு நடந்தபோது, தனியார் கல்லூரி இடம் எதிரே இருந்தும் கட்டணத்துக்கு அஞ்சி வேண்டாமென்று திரும்பிய ஏழை மாணவர்கள் உண்டு. சில நாட்களுக்குள் அவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. அந்தச் சில நாட்கள் அக்குடும்பங்கள் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். ஆதலால், அரசுக் கல்லூரி கிடைக்காமல் தனியார் கல்லூரி மட்டுமே எதிரில் நிற்குமானால், அந்த ஒதுக்கீட்டில் வரும் மாணவர்கள் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படித்தவர்களுக்கும் அவ்வொதுக்கீடு உண்டு, தெரியாதவர்கள் தெரிந்துகொள்க.

அந்த ஒதுக்கீட்டில் வராத நம் பிள்ளைகளுக்கு 18 விழுக்காட்டு இடங்கள் உள்ளன. அருந்ததியர்க்குரிய 3 விழுக்காடும் அதனுள் அடங்கும். இவர்களுக்கு 1944 முதல் நடந்துவரும் மெட்ரிக் பின்படிப்பு உதவித்தொகைதான் ஊன்றுகோல். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்துக்குள் இருக்கவேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு அத்திட்டம் கைகொடுக்காது. “நிர்வாக ஒதுக்கீட்டில் சேருங்கள், ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறோம்” என்று வீட்டுக்கு வரும் தரகரை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

உதவித்தொகை என்பது எப்போது நிற்கும் என்பதையும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். பாபாசாகேப் 1913இல் பரோடா மன்னரின் உதவியோடு கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். படித்து முடித்ததும் பத்தாண்டு பரோடாவில் பணியாற்றுவதாக ஒப்பந்தம். 1916இல் இலண்டனில் பொருளாதாரக் கல்லூரியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் ஒருங்கே சேர்ந்தார். மறு ஆண்டே உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டு நாடு திரும்பினார். ஆனால் நான்காண்டுக்குள் திரும்பிவந்து தொடரலாம் என்ற அனுமதியைப் பெற்றுக்கொண்டே கப்பல் ஏறினார். பம்பாயில் பேராசிரியராக இருந்து பணம் சேர்த்து, நண்பரிடம் கடனும் பெற்று, 1920இல் மீண்டும் சென்று முடித்தார். அத்தகைய மேதைக்கே பணம் நின்றால் படிப்பு நின்றது. நம் குடும்பத்துப் பிள்ளைக்கு நாலாம் ஆண்டில் பணம் நின்றுபோனால் மீட்டுக்கொள்ள யார் இருக்கிறார்கள்? அரசுக் கல்லூரியை நான் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம். அங்கே உதவித்தொகை ஓராண்டு தாமதித்தாலும் குடும்பம் எப்படியேனும் சமாளித்துவிடும்.

தூரத்து ஊரில் பிள்ளை தனித்துப்போவாளே என்று அத்தந்தையார் வருந்தினார். அந்த வருத்தத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் நம் மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராய்ந்து பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையிலான குழு 2007இல் அறிக்கை அளித்தது. விடுதியில் நம் பிள்ளைகள் ஒதுக்கப்பட்டு ஒரே பக்கமாகப் போய்ச்சேர நேர்ந்ததையும், வகுப்பிலும் தேர்விலும் வேற்றுமை காட்டப்படுவதாக அவர்கள் சொன்னதையும் அது பதிவு செய்தது. நாட்டின் முதன்மையான கல்லூரியிலேயே அந்நிலை. ஆகவே கல்லூரியின் புகழைக் கேட்பதோடு நில்லாமல், அங்கே நம் பிள்ளைகள் முன்பே எத்தனை பேர் படிக்கிறார்கள், அவர்கள் முதலாண்டில் தேறினார்களா, ஆங்கிலத்தில் திணறியவர்களுக்குக் கைகொடுத்தது யார் என்று கேளுங்கள். தமிழ்வழியில் படித்துவிட்டுப் போகிறவர்கள் முதல் ஆறு மாதம் ஆங்கிலச் சொற்களோடு போராடுவார்கள். முதலாண்டுத் தேர்வை நான்கு முறைக்குள் தேறியாகவேண்டும் என்பது இப்போதைய விதி. மேலாண்டில் படிக்கும் நம் மாணவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் அந்த ஆறு மாதம் கடந்துவிடும். அத்தகைய துணை இருக்கிற தூரத்துக் கல்லூரி, துணையற்ற பக்கத்துக் கல்லூரியைவிடப் பிள்ளைக்கு நெருக்கமானது. வீட்டிலிருந்து போய்வருவது வசதிதான். ஆனால் விடுதியில் தங்குகிறவர்கள் இரவு வார்டில் கற்பதைப் பஸ்ஸில் வருகிறவர்கள் இழந்துவிடுகிறார்கள்.

பழைய கல்லூரியா, புதிய கல்லூரியா என்றும் கேட்கிறார்கள். 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. பட்டம் எங்கும் ஒன்றே. பழையதில் அனுபவம் மிக்க ஆசிரியர்கள் கிடைப்பார்கள் என்பதால் இயன்றால் பழையதை முன்னே வையுங்கள்; இயலாவிட்டால் கவலைப்படாதீர்கள்.

இறுதியாக ஒரு நடைமுறைச் செய்தி. பொதுக் கலந்தாய்வில் முதற்சுற்றில் ஓர் இடம் கிடைத்தபின், அடுத்த சுற்றில் மேலான இடத்துக்கு விருப்பம் தெரிவிக்கலாம். புதிய இடம் ஒதுக்கப்பட்டதும் பழைய இடம் வேறொருவருக்குப் போய்விடும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் கூடிப் பேச வழியில்லை. உண்மையாகவே போகத் துணிந்த கல்லூரியை மட்டும் மேலே எழுதவேண்டும். அந்தப் பேச்சு விருப்பப் பட்டியலைப் பதிவதற்கு முன்பே, தாயும் தந்தையும் பிள்ளையும் சேர்ந்திருக்கும்போது, நடந்து முடிந்துவிட வேண்டும். கணினி மையத்தில் முன்பின் அறியாத ஒருவர் வரிசையை மாற்றி எழுதிவிடும்படி விட்டுவிடக்கூடாது.

நிற்க. சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அரசு கட்டணத்தைக் கட்டினாலும் முதல் மாதச் செலவு பெற்றோர் தலையில்தான் விழுகிறது. இரயில் கட்டணம், வெள்ளை அங்கி, ஸ்டெதஸ்கோப், புத்தகங்கள், உடற்கூறு படிக்க எலும்புத் தொகுப்பு, விடுதி முன்பணம் என்று அது வட்டிக்கடையில் போய் நிற்கிறது. வெள்ளிவிழாவின் நினைவாக ஒரு சுழல்நிதியைத் தொடங்கி, அதனைக் கடனாகக் கொடுத்து, ஹவுஸ் சர்ஜன் உதவித்தொகை வரும்போது திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று முன்மொழிகிறேன். என் பங்காக ஒரு சிறு தொகையைத் தலைவர் அவர்களிடம் கூட்டம் முடிந்ததும் அளிக்கிறேன்.

இவ்வாண்டு நீட் தேர்வு எழுதியிருக்கும் மாணவ மாணவியர் தம் பெற்றோருடன் மேடைக்குப் பின்புறம் வந்து என்னைப் பார்க்கலாம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆறாம் வகுப்பு முதல் படித்ததற்கான பள்ளிச் சான்று ஆகியவற்றின் நகல்கள் இருந்தால் கொண்டுவாருங்கள். இல்லாதவர்கள் எவையெவை வேண்டும் என்பதைக் குறித்துக்கொண்டு போகலாம்.