போன வருடம் அடைத்த கேஸ் எங்கே?

ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் பக்கம் வெயில் ஏறிவிட்டால் ஏசி மெக்கானிக் கிடைப்பது குதிரைக்கொம்பு. வந்தாலும், “கேஸ் இல்ல சார், அடிக்கணும்” என்பார். பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். போன வருடம் அடைத்த கேஸ் எங்கே போயிற்று?

இந்தக் கேள்வியோடு வேலையைத் தொடங்கியவர் பருவநிலை விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதன். தமிழ்வழியில் படித்துக்கொண்டிருந்தவர், பதினோரு வயதில் பெங்களூருக்குப் போய் ஆங்கில வகுப்பில் திணறியவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்ததும், செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதன நிறுவனத்தில் வேலை. கேஸ் ஏன் இப்படிக் கசிகிறது என்று கண்டறிய வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு அதே வாயுக்கள்தான் கைகொடுத்தன. குளோரோ புளோரோ கார்பனின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பத்தாயிரம் மூலக்கூறுகளுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும் என்று 1975-இல் எழுதினார். அதுவரை கரியமில வாயு ஒன்றையே குற்றவாளியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கண்டுபிடித்தால் போதுமா? சட்டமாக வேண்டாமா? இதே வாயுக்கள் அரிக்கும் ஓசோனைக் காக்க 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. இந்தியா உடனே சேரவில்லை. “கெடுத்தது நீங்கள், மாற்றும் செலவு எங்களுக்கா?” என்பது நம் வாதம். நியாயமான வாதம் என்றே நினைக்கிறேன். ஏழை நாடுகளுக்கென நிதியம் ஒன்று உருவான பிறகு, 1992-இல் சேர்ந்தோம். பிறகு உலக நாடுகள் அத்தனையும் ஏற்றன. ஓசோனுக்காகப் போட்ட சட்டம் புவி வெப்பத்தையும் தணித்தது. பருவநிலைக்கென்றே போட்ட ஒப்பந்தங்கள் இவ்வளவு சாதித்ததாக எனக்குத் தெரியவில்லை. பணம் யார் தருவது என்பதை அங்கே இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

கதை முடியவில்லை. மாற்றாக வந்த வாயுக்களும் சூடேற்றுபவையே. அவற்றைக் குறைக்க 2016-இல் கிகாலி நகரில் அதே உடன்படிக்கைக்கு ஒரு திருத்தம் வந்தது. இந்தியா 2021-இல் ஏற்றது. பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால், அது ஏறத்தாழ 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். வேளச்சேரி மெயின் ரோட்டு அடுக்குமாடிகளில் எத்தனை ஏசி தொங்குகிறது, பாருங்கள்.

ஆகவே, கேஸ் அடிக்கும் முன் கசிவை அடைக்கச் சொல்லுங்கள். வீடு மாறும்போது, “பம்ப் டவுன் பண்ணிட்டுக் கழட்டுங்க தம்பி” என்று கேளுங்கள். கேஸ் வெளி யூனிட்டிலேயே தங்கும். உங்களுக்குப் பணமும் மிச்சம்.