நாளையும் திறக்க வேண்டும்

(குறுவள மையக் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கணினி ஆசிரியர் அல்ல, கணித ஆசிரியர். ஆனாலும் எங்கள் பள்ளியில் பிரிண்டரில் தாள் சிக்கினாலும், புரொஜெக்டரில் படம் வராவிட்டாலும், "கணக்கு சாரைக் கூப்பிடுங்கள்" என்றுதான் சொல்வார்கள். புதிதாக ஒரு மென்பொருள் வந்தால் அதை நிறுவிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. இந்தப் பழக்கம் தெரிந்த நண்பர்கள் என்னிடம் கேட்பவை மூன்று. தமிழில் தட்டச்சு செய்ய எது நல்லது? எந்த உலாவி நல்லது? எந்த இயங்குதளம் நல்லது?

முன்பெல்லாம் எனக்குப் பிடித்த பெயரைச் சட்டென்று சொல்லிவிடுவேன். ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு அந்த வேகம் குறைந்துவிட்டது.

எங்கள் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்த அம்மா ஒருவர், பணி ஓய்வு பெற்ற நாளில் என் கையில் ஒரு பென்டிரைவைக் கொடுத்தார். மெல்லக் கற்கும் மாணவர்களுக்காக ஏழெட்டு ஆண்டுகளாக வீட்டில் உட்கார்ந்து அவர் தட்டச்சு செய்த பயிற்சித்தாள்கள் அதில் இருந்தன. ல, ழ, ள வேறுபாடு, ஒற்றுப்பிழை நீக்கம், படம் பார்த்து வாக்கியம் எழுதுதல் என்று நாற்பது கோப்புகள். "எனக்குப் பிறகு வருகிறவர்களுக்கு உதவட்டும் தம்பி" என்றார். நானும் பத்திரமாக வைத்திருந்தேன்.

அடுத்த ஆண்டு புதிய தமிழாசிரியர் வந்தார். ஆசையோடு பள்ளிக் கணினியில் கோப்புகளைத் திறந்தோம். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும்தான்.

காரணம் எளியது. பழைய தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் கணினி தமிழைச் சேமிப்பதே இல்லை. அம்மாவின் கோப்புகளில் பெரும்பாலானவற்றில் இருந்த எழுத்துருவில், "அம்மா" என்று அடித்தால் உள்ளே பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும்.

எழுத்துரு மாற்றி ஒன்றைக் கொண்டு ஒரு மாத மாலைப்பொழுதுகளில் முப்பத்தொரு கோப்புகளை மீட்டோம். மீதி ஒன்பது கோப்புகள் வேறொரு எழுத்துருவில் இருந்தன. அதன் பெயரும் தெரியவில்லை; அம்மா வீட்டுப் பழைய கணினியும் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டிருந்தது. தொலைபேசியில் அவரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "தமிழில்தானே தம்பி அடித்தேன்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

அன்றிலிருந்து எந்த மென்பொருளையும் நான் எடைபோடும் முதல் கேள்வி இதுதான்: இன்று இதில் செய்த வேலையை, நாளை வேறொருவர் வேறொரு கணினியில் திறக்க முடியுமா? அழகு, வேகம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தமிழ்த் தட்டச்சுக்கு இந்தக் கேள்வியின் விடை ஒருங்குறி. அதில் தமிழுக்கென்று தனி இடம் உண்டு. 'அ' என்றால் 2949 என்ற எண். எந்த நாட்டுக் கணினியானாலும் கைப்பேசியானாலும் அந்த எண் 'அ' மட்டுமே. தமிழ்நாடு அரசும் 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. விசைப்பலகையில் என் விருப்பம் தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி உருவானது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 'க'வை இருமுறை அடித்தால் புள்ளியைத் தானே வைத்து 'க்க' ஆக்கிவிடும். இரண்டு வாரம் கை தடுமாறும், பிறகு பழகிவிடும். ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவர்கள் அப்படியே அடிக்கலாம். ஒருங்குறியில் சேமித்தால் போதும்.

உங்கள் பழைய வினாத்தாள்கள் எந்த வகை என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகத் தெரிந்தால் ஒருங்குறி. ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தால், அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இருக்கும்போதே, அதன் பெயர் உங்களுக்கு நினைவிருக்கும்போதே மாற்றிவிடுங்கள். பிடிஎஃப் ஆக்கிவிட்டேனே என்று நிம்மதி அடைய வேண்டாம். எழுத்துரு உள்ளே பொதிந்திருப்பதால் படிக்க முடியும். ஆனால் நகலெடுத்துத் திருத்த முயன்றால் அதே குப்பைதான் வரும்.

அடுத்தது உலாவி. இங்கே என் இரண்டாவது கேள்வி: பலர் தொடும் கணினியில் இது பாதுகாப்பா? ஒருநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஆய்வகத்திலிருந்து ஓடிவந்து, "சார், உங்க மெயில் திறந்தே இருக்கு" என்றான். அந்தக் கணினியில் கடவுச்சொல்லைச் சேமித்துவைத்தவன் நான்தான். அவன் நல்ல பிள்ளை, வந்து சொன்னான். மாணவர் விவரங்களையும் மதிப்பெண்களையும் நாம் பதிவேற்றும் தளங்களுக்கும் இதே கதி நேரலாம். பொதுக் கணினியில் "கடவுச்சொல்லைச் சேமிக்கவா?" என்று உலாவி கேட்டால் வேண்டாம் என்பதே விடை. அங்கே தனிப்பட்ட சாளரத்தைத் திறந்து வேலை செய்யுங்கள். முடிந்ததும் வெளியேறிச் சாளரத்தை மூடுங்கள். அந்தக் கணினியில் நீங்கள் போன தளங்களின் பட்டியல் தங்காது. ஆனால் இணைய இணைப்பு தருகிறவருக்கு நம் போக்குவரத்தை அது மறைப்பதில்லை. இதை மாணவர்களுக்கும் சொல்ல வேண்டும். அவர்கள் அதை மாயக்கம்பளம் என்று நினைக்கிறார்கள்.

குரோமா, ஃபயர்பாக்ஸா என்றால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். குரோமும், 2020 முதல் எட்ஜும், குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் கட்டப்பட்டவை. ஃபயர்பாக்ஸின் அடித்தளம் வேறு. ஒன்றில் ஒரு பக்கம் அடம்பிடித்தால் மற்றதில் திறந்துவிட வாய்ப்பு உண்டு. கடைசி நாள் பதிவேற்றத்தில் இது என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

இனி இயங்குதளம். இங்கே கேள்வி: நம்மிடம் இருக்கும் கணினியில், இணையம் இல்லாத நாளிலும் இது ஓடுமா? விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர். ஆதரவு முடிந்தால் கணினி நின்றுவிடாது. பாதுகாப்புத் திருத்தங்கள்தான் நின்றுவிடும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? கணினி மெதுவானதும் துணி போட்டு மூடி மூலையில் வைக்கிறோம்.

அப்படி மூலையில் இருந்த நான்கு கணினிகளில், தலைமையாசிரியரின் அனுமதியோடு, எடை குறைந்த லினக்ஸ் பதிப்பு ஒன்றை நிறுவினேன். மூன்று எழுந்து உட்கார்ந்தன. அவற்றில் லிப்ரே ஆபிஸ், விஎல்சி, ஜியோஜீப்ரா போட்டிருக்கிறோம். மூன்றுமே பணம் கொடுக்காமல் கிடைப்பவை. நிறுவிய பிறகு இணையம் தேவையில்லை. முக்கோணத்தின் ஒரு முனையை மாணவி இழுக்க, மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருக்க, கூடுதல் மட்டும் 180 பாகையாகவே நிற்பதைப் பார்க்கும்போது அவள் முகத்தில் தோன்றும் வியப்பை நான் கரும்பலகையில் வரவழைத்ததில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். பிரிண்டரை வேலை செய்ய வைக்க எனக்கு இரண்டு சனிக்கிழமைகள் ஆயின. லிப்ரே ஆபிஸில் திறந்த வேர்டு கோப்பின் அட்டவணை சில நேரம் இடம் மாறும். விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் தேவைப்பட்டால் விண்டோஸையே வைத்துக்கொள்ளுங்கள். இதில் கட்சி கட்ட வேண்டியதில்லை. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது; நம் மாணவர்களில் பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நாம் திறந்து காட்டவில்லை என்பதே காரணம். கேரள அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் பிள்ளைகள் கணினி கற்கிறார்கள். ஒன்று மட்டும் வேண்டாம்: பூட்டு உடைத்த திருட்டு நகல். பார்த்து எழுதாதே என்று வகுப்பில் சொல்கிற நாம், மாணவர் கண் முன்னால் அதை நிறுவக் கூடாது. வைரஸ் வருவதற்கும் அது நல்ல வாசல்.

இந்த வாரம் இரண்டு வேலை மட்டும் செய்யுங்கள். உங்கள் வினாத்தாள் ஒன்றை வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். ஆய்வகக் கணினியின் உலாவியில் யாருடைய கடவுச்சொற்கள் சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்து, உரியவரிடம் சொல்லி நீக்கச் செய்யுங்கள்.

அம்மாவின் அந்த ஒன்பது பயிற்சித்தாள்களில் நான்கின் அச்சுப்படிகள் பிறகு நூலக அலமாரியில் கிடைத்தன. புதிய தமிழாசிரியர் அவற்றை ஒருங்குறியில் அடித்துவிட்டார். ஐந்து போனது போனதுதான். ஓய்வு பெறும் நாளில் நாமும் ஒரு பென்டிரைவைக் கொடுப்போம். அதை வாங்குகிறவர் திறக்கும்போது அதில் தமிழ் இருக்க வேண்டும்.