‘போட்’ என்றால் தமிழில் என்ன?

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சிறிய ஆங்கிலச் சொல். ‘போட்’ என்பது அது. கீழ்வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் “படகு” என்று உடனே விடை வரும். விடை பிழையன்று. ஆயினும் துறைமுகப் பட்டினத்திலே பிறந்த பிள்ளை அந்த ஒரு விடையோடு நின்றுவிடலாமா? எங்கள் கடற்கரைக்குப் போய்க் காதுகொடுத்துக் கேளுங்கள். வள்ளம் என்பார்கள்; தோணி என்பார்கள்; போட்டு, லோஞ்சு என்றும் சொல்வார்கள். ‘படகு’ பெரும்பாலும் பாடப்புத்தகத்திலும் செய்தித்தாளிலுந்தான் மிதக்கிறது.

முதலில் ஆங்கிலேயனுடைய வழக்கைப் பார்ப்போம். அவனுக்கும் ‘போட்’ என்பது நீரில் மிதக்கும் எல்லாவற்றுக்கும் பெயரன்று. பெரியது ‘ஷிப்’, சிறியது ‘போட்’. கப்பல் போட்டைச் சுமக்கும், போட்டு கப்பலைச் சுமக்காது என்பது மாலுமிகள் சொல்லும் இலக்கணம். எங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று 1817 இல் பம்பாயிலே தேக்குமரத்தால் கட்டப்பட்டது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் காட்சிக்கு நிற்கிறது. அது ‘ஷிப்’. அத்தகைய கப்பல்கள் கரைக்கு ஆள் அனுப்பத் தம்முடன் கொண்டுசென்றவை ‘போட்’. இந்த இலக்கணத்துக்கும் விலக்கு உண்டு. நீர்மூழ்கி எவ்வளவு பெரிதாயினும் கடற்படையார் அதைப் ‘போட்’ என்றே அழைப்பர். இரண்டுக்கும் பொதுவாக ‘வெசல்’ என்று ஒரு சொல் உண்டு. அதற்குப் பாத்திரம் என்றும் பொருள். நம்முடைய ‘கலம்’ என்ற சொல்லும் அப்படியே. உண்கலமும் கலம், மரக்கலமும் கலம். ஒன்றையொன்று பார்த்து எழுதாமலே இரண்டு மொழிகள் ஒரே எண்ணத்துக்கு வந்திருக்கின்றன.

நிற்க. நமது நிகண்டுகள் நாவாய், வங்கம், ஓடம், அம்பி, திமில், தோணி, புணை, தெப்பம் என்று பெயர்களை வரிசையாக அடுக்கித் தந்தன. மனனம் செய்ய நன்று. ஆனால் இவையெல்லாம் ஒரே பொருள் என்று எண்ணி ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் கடலோடி சிரிப்பான். வள்ளுவர் கடலில் ஓடாத தேரையும் நிலத்தில் ஓடாத நாவாயையும் ஒருங்கே வைத்தார். நெடுந்தேருக்கு இணையாக நிற்க வேண்டியது நாவாயே; அவ்விடத்தில் தோணி நிற்காது.

கட்டுமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது; பெயரே செய்முறையைச் சொல்லிவிடுகிறது. அதற்கு உட்குழிவு இல்லை. அலை மேலே ஏறினாலும் நீர் மர இடுக்குகளால் வழிந்துவிடும். ஆகையால் நீர் நிறைந்து அமிழும் என்ற பயமில்லை. வில்லியம் தம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697 இல் வெளியிட்ட பிரயாண நூலில் இச்சொல்லை எழுதினான். பிற்காலத்தில் ஆங்கிலேயர் இரண்டு உடல்களை இணைத்துக் கட்டிய கலத்துக்கு அப்பெயரைச் சூட்டிவிட்டார்கள். இன்று ஓர் உல்லாசக் கலத்தைக் காட்டி “கட்டமரான்” என்று நம் பிள்ளையே சொல்கிறான்; பாட்டன் வீட்டுச் சொல் என்று அறியாமல் விருந்தாளியைப் போல அதை வரவேற்கிறான்.

தோணியின் கதை வேறு. தூத்துக்குடியில் தோணி என்றால் நூற்றுக்கணக்கான தொன் சரக்கேற்றிக் கொழும்புக்கு வரும் பெருங்கலம். மட்டக்களப்பு வாவியிலே தோணி என்றால் ஒருவர் இருவர் துடுப்புப் போட்டுப் போவது. இங்கே கரைவலைக்காரரின் தோணி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆகவே, “தோணி வந்தது” என்றால் “எந்த ஊர்த் தோணி?” என்று கேட்ட பின்பே மொழிபெயர்க்க வேண்டும். வள்ளமோ மரத்தை விட்டுக் கண்ணாடி நாருக்கு மாறியும் பெயரை விடவில்லை. சிங்கள மீனவரும் ‘வள்ளம’, ‘தெப்பம’ என்றே சொல்கின்றனர். மலாய் மக்கள் கப்பலைக் ‘கப்பால்’ என்கின்றனர்; அது தமிழிலிருந்து போன சொல். ஆனால் ஆங்கிலத்து ‘நேவி’ நம் நாவாயிலிருந்து பிறந்தது என்று மேடைகளில் முழங்குவதை நான் ஏற்கமாட்டேன். அது இலத்தீன் வழி வந்தது. வடமொழி ‘நௌ’ அதற்கு உறவு. இருப்பதைச் சொன்னாலே நமக்குப் போதிய பெருமை உண்டு.

பேச்சு வழக்கிலும் இப்படியே. “ஒரே படகில் பயணிக்கிறோம்” என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அது ஆங்கிலத்தின் நிழல். ஆனால் “இரண்டு தோணியில் கால் வைத்தாற்போல” என்பது நம் கரையில் விளைந்தது. ஆங்கிலேயன் அதே நிலைக்கு இரண்டு முக்காலிகளுக்கு நடுவே விழுந்தவனைக் காட்டுவான். அவனும் கடலோடிதான், இங்கே மட்டும் வீட்டுக்குள் இருந்துவிட்டான்!

இனி, அகராதியை மூடிவிட்டுக் கேட்க வேண்டிய ஒரு சொல் உண்டு. அது ‘பாதை’. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றித் துறை கடத்தும் மிதவைக்கு ஈழத்தில் அதுதான் பெயர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே பாதை ஓடுகிறது. அதை நடத்துவது வீதி அபிவிருத்தி அதிகார சபை. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபர் 20 இல் திறக்கப்படும் வரை எங்கள் மாவட்டத்தாரும் கிண்ணியாத் துறையைப் பாதையால்தான் கடந்தார்கள். வீதி முடியும் இடத்தில் வீதியே மிதந்து செல்வதுபோல எண்ணி இப்பெயரை வைத்தார்கள் போலும். அழகான பெயர். ஆனால் அதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது.

2021 நவம்பர் 23 காலை, கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்துகொண்டிருந்த இடத்தில், அப்படியொரு மிதவை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே மாண்டனர். பத்திரிகைகள் அதைப் படகு என்றன, இழுவைப் படகு என்றன, மிதப்புப் பாதை என்றன. எது சரி என்று வாதாட நான் வரவில்லை. வள்ளத்தில் கால் வைப்பவன், “எத்தனை பேர் கொள்ளும்? காற்று எப்படி?” என்று கேட்பான். பாதையில் ஏறுபவன் அப்படிக் கேட்பதில்லை. வீதியில் நடப்பவன் வீதியின் கொள்ளளவைக் கேட்பானா? அந்தப் பலகையும் நீரில் மிதப்பதுதான், அதற்கும் ஒரு பாரக்கணக்கு உண்டு என்பதைப் பெயர் மறைத்துவிடுகிறது. இத்துறைகளால் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் ‘பாதை’ என்று சொல்லுமிடத்தும் வள்ளம் என்றே நினைத்து, அந்த இரண்டு கேள்விகளையும் கேட்கவேண்டும்.

பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். அணியம், சுக்கான், பாய், துடுப்பு என்று தொடங்கி ஒவ்வொரு கலத்தின் உறுப்புக்கும் நீங்கள் வழங்கிய பெயர்கள் எந்த அகராதியிலும் முழுமையாக இல்லை. மூதூருக்கு லோஞ்சிலே போய்வந்தவர்களும், பழைய கிண்ணியாத் துறையைக் கடந்தவர்களும் இச்சபையில் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முந்தி வாருங்கள். தாளும் பென்சிலும் வாலிபர்கள் கொண்டுவருவார்கள்.