வேலை கேட்கும் உரிமை



கிராமத்தில் கூலி வேலை யார் கையில் இருக்கும்? மேஸ்திரி கையில். அவர் கூப்பிட்டால்தான் வேலை. வேண்டியவருக்கு முதல் இடம். பெண்ணுக்குக் குறைந்த கூலி.

இதை மாற்ற 2005-ல் ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தது. 2006 பிப்ரவரி 2-ஆம் நாள், ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டத்தில் திட்டம் தொடங்கியது. முதலில் 200 மாவட்டங்கள். சித்தூரும் அவற்றில் ஒன்று. அப்போது திருப்பதியும் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. 2022-ல் அது தனி மாவட்டம் ஆனது.

அந்தச் சட்டம் பல தடைகளை நீக்கியது. ஒப்பந்தக்காரர் கூடாது என்றது. படிப்பு கேட்கவில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லியே பெயரைப் பதியலாம். வேலை அட்டைக்குக் காசு இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. வேலை பெறுவோரில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள் வேலை என்றது. கேட்ட 15 நாளில் வேலை தராவிட்டால், அதற்கு ஈடாகப் பணம் தர வேண்டும்.

ஆனால் என்றைக்குக் கேட்டார்கள்? அதற்குச் சாட்சி வேண்டுமே! தேதி போட்ட ரசீதுதான் சாட்சி. ரசீது இல்லாதவருக்கு 15 நாள் கணக்கு நிற்காது.

2025 டிசம்பரில், இதற்குப் பதிலாகப் புதிய சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அது 125 நாள் என்கிறது. எந்தச் சட்டம் ஆனாலும் கேட்பவருக்குத்தான் பயன்.

நீங்கள் இப்போது எழுதப் படிக்கக் கற்றவர்கள். வேலை வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ரசீது வாங்குங்கள். அதில் தேதி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். எழுதத் தெரியாத அண்டை வீட்டாருக்கும் எழுதிக் கொடுங்கள்.