சூபாக்கா செத்தானா, இல்லையா?

போன எபிசோட்ல சொன்ன மாதிரி இந்த வாரம் ஸ்டார் வார்ஸ். ஒரு படம்கூட பார்க்காதவங்களும் தாராளமா கேக்கலாம், தேவையான கதையை நடுநடுவுல சொல்லிடுறேன். ஸ்பாய்லர் இருக்கு. ஆனா முதல் படம் வந்தது 1977ல. இதுக்கு மேலயும் ஸ்பாய்லர்னு சண்டைக்கு வந்தீங்கன்னா நான் பொறுப்பில்ல.

2014ல இன்ஜினியரிங் சேர்ந்தேன். ஹாஸ்டல்ல எனக்கு அமைஞ்ச ரூம்மேட்டோட பெட்டியில துணி கம்மி, புத்தகம்தான் ஜாஸ்தி. அத்தனையும் ஸ்டார் வார்ஸ் நாவல்கள். சிங்கப்பூர்ல இருந்த அவனோட மாமா படிச்சு முடிச்சு அனுப்பினது. நான் படம் மட்டும் பார்த்த ஆளு. முதல் வாரமே சண்டை.

"சூபாக்கா செத்துட்டான் தெரியுமா?"ன்னான்.

"எந்தப் படத்துலடா?"ன்னேன்.

சூபாக்கா யாருன்னா, ஹான் சோலோவோட கூட்டாளி. ஏழடி உயரம், உடம்பெல்லாம் முடி, பேச்சுக்குப் பதிலா உறுமல். 1999ல வந்த 'வெக்டர் பிரைம்'ங்கிற நாவல்ல ஒரு கிரகத்து மேல அதோட நிலாவே வந்து விழும். ஹானோட சின்னப் பையனைக் காப்பாத்திட்டு சூபாக்கா அங்கேயே மாட்டிக்கிறான். கப்பல் அவனை விட்டுட்டுக் கிளம்பிடும். என் ரூம்மேட் பதினாலு வயசுல அதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் சரியா சாப்பிடலையாம்.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? சிரிச்சேன். ஏன்னா அந்த வருஷம் ஏப்ரல்லதான் லூகாஸ்ஃபிலிம் ஒரு அறிவிப்பு விட்டிருந்தாங்க. அதுவரைக்கும் வந்த நாவல், காமிக்ஸ் எல்லாம் இனிமே 'லெஜண்ட்ஸ்'. அதாவது, நடந்ததா கணக்குல சேராது. அப்போ வெளிவந்திருந்த ஆறு படமும் 'தி க்ளோன் வார்ஸ்' அனிமேஷனும்தான் அசல். "அது கேனனே இல்லடா, உன் சூபாக்கா சாகவே இல்ல"ன்னேன். ஏதோ நல்ல செய்தி சொல்ற மாதிரி.

இந்த 'கேனன்' விஷயம் ஒரு சாஃப்ட்வேர் ஆளா எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏரியா. 2000ஆம் ஆண்டு வாக்குல லீலண்ட் சீங்கிறவர் லூகாஸ்ஃபிலிம்ல ஒரு டேட்டாபேஸ் கட்ட ஆரம்பிச்சார். பேரு ஹோலோக்ரான். எந்தக் கிரகத்துல எத்தனை நிலா, யார் யாருக்கு மாமன் மச்சான், எல்லாம் அதுக்குள்ள. ஃபைல்மேக்கர்ல ஓடிச்சு, சும்மா ஆபீஸ் சரக்குக் கணக்கு மாதிரி! ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு படிநிலை. ஜார்ஜ் லூகாஸோட படத்துல வந்தா அது உச்சம், அதுக்குக் கீழ டிவி, அதுக்கும் கீழ நாவல், காமிக்ஸ். மேல இருக்கிறது கீழ இருக்கிறதோட மோதினா, கீழ இருக்கிறது வழிவிடணும். கிட்டத்தட்ட மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் விதிதான். 2012ல டிஸ்னி 405 கோடி டாலருக்கு லூகாஸ்ஃபிலிமை வாங்குறதா அறிவிச்சாங்க. புதுப் படம் எடுக்கணும். முப்பத்தஞ்சு வருஷத்து நாவல்களுக்கு ஒத்துப்போற மாதிரி ஒரு திரைக்கதை எழுத முடியுமா? நானா இருந்தாலும் பழைய பிராஞ்சை ஆர்க்கைவ் பண்ணிட்டு புதுசா ஆரம்பிச்சிருப்பேன். அந்த முடிவுல தப்பே இல்லன்னு இன்னைக்கும் சொல்வேன். ரூம்மேட் கேட்டுட்டு இருப்பான், கேக்கட்டும்.

சரி, லாஜிக் ஓட்டைக்கு வருவோம். எல்லாருக்கும் தெரிஞ்ச ஓட்டை, பார்செக். முதல் படத்துல ஹான் தன் கப்பலைப் பத்திப் பீத்திக்கிறான், கெசல் ரன்னைப் பன்னெண்டு பார்செக்குக்குள்ள முடிச்ச கப்பலாம். பார்செக்ங்கிறது தூரம். ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு. "மதுரைக்கு நானூத்தம்பது கிலோமீட்டர்லயே போயிட்டேன்"னு ஒருத்தர் தன் பைக் வேகத்தைப் பத்திப் பெருமை பேசினா எப்படி இருக்கும்? அப்படி.

இதை அடைக்க எத்தனை பேர் வேலை பார்த்திருக்காங்கன்னு நினைக்கிறீங்க! தொண்ணூறுகள்ல வந்த நாவல்கள் சொல்லுச்சு: அந்த வழியில கருந்துளைக் கூட்டம் ஒண்ணு இருக்கு, எவ்வளவு ஒட்டிப் போறியோ அவ்வளவு தூரம் மிச்சம், அதனால தூரத்துலதான் கெத்து. அப்புறம் அந்த நாவல்களே லெஜண்ட்ஸ் ஆயிடுச்சு. ஆனா 2018ல 'சோலோ' படம் எடுத்தப்போ சுத்தி வளைச்சு கிட்டத்தட்ட அதே விளக்கத்தைத்தான் வச்சாங்க. அதுலயும் பாருங்க, பன்னெண்டுன்னு ஹான் சொல்றப்போ சூபாக்கா ஏதோ உறுமுவான். ரவுண்ட் பண்ணா பன்னெண்டுதான்னு ஹான் சமாளிப்பான்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. 1977 படத்தோட திரைக்கதையிலேயே அந்த இடத்துல ஒரு குறிப்பு இருக்கு. ஹான் தப்பும் தவறுமா அளந்து விடுறான், அது கிழவர் ஓபி-வானுக்குப் புரியுதுன்னு. அதாவது அது எழுத்தாளர் விட்ட பிழை இல்ல. கிராமத்துல இருந்து வந்த ஒரு பையனையும் ஒரு கிழவரையும் பார்த்து, இவங்களுக்கு என்ன தெரியப்போகுதுன்னு ஒரு கடத்தல்காரன் விட்ட ரீல். நாற்பது வருஷமா நாம அந்த ரீலை நிஜமாக்கப் பாடுபட்டிருக்கோம்.

எல்லா ஓட்டையும் இப்படி ஜாலியா முடியாது. 2017ல 'தி லாஸ்ட் ஜெடை'. ஹோல்டோன்னு ஒரு அட்மிரல் தன் கப்பலை ஒளிவேகத்துல எதிரிக் கப்பல் மேல விடுவாங்க. தியேட்டர்ல சத்தமே இருக்காது. அமெரிக்காவுல ஒரு தியேட்டர்ல, அந்த நிசப்தம் வேணும்னே வச்சது, ரிப்பேர் இல்லன்னு போர்டே மாட்டினாங்க. எனக்குப் புல்லரிச்சுது. வெளியே வந்ததும் ரூம்மேட் கேட்டான்: "இப்படி மோதினா போதும்னா டெத் ஸ்டாரை ஏன்டா அவ்வளவு கஷ்டப்பட்டு அழிச்சாங்க?" நியாயமான கேள்வி. 2019 படத்துல ஒரே வரியில பேட்ச் போட்டாங்க, அது பத்து லட்சத்துல ஒரு வாய்ப்புன்னு. சோம்பேறித்தனமான பேட்ச். கோட் ரிவ்யூல அனுமதிக்கவே மாட்டேன்.

ஆனா அந்தப் படத்து மேல இருந்த கோபம் லாஜிக்கோட நிக்கல. ரோஸ் கேரக்டர்ல நடிச்ச கெல்லி மேரி டிரானை இனத்தை வச்சும் உருவத்தை வச்சும் இணையத்துல அடிச்சாங்க. 2018 ஜூன்ல அவங்க இன்ஸ்டாகிராம்ல இருந்த படங்களை எல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாங்க. எங்க காலேஜ் குரூப்லயும் அந்த மீம்ஸ் ஓடிச்சு. அதுல ரெண்டு நான் ஃபார்வர்ட் பண்ணது. இதை இதுவரைக்கும் இங்க சொன்னதில்ல. ரூம்மேட்டுக்கு அந்தப் படம் என்னை விடப் பிடிக்கல, ஆனா "ஓட்டை கதையில இருக்கு, அந்தப் பொண்ணு என்னடா பண்ணுச்சு?"ன்னு குரூப்ல போட்டது அவன் மட்டும்தான். அடுத்த படத்துல ரோஸ் வர்ற நேரம் மொத்தமே ஒன்றரை நிமிஷம்கூட இல்ல.

கடைசியா ஒரு ஓட்டை. 1983 படத்துல லூக் லேயாகிட்ட கேப்பான், உன்னைப் பெத்த அம்மாவை ஞாபகம் இருக்கான்னு. அவ சொல்லுவா, நான் ரொம்பச் சின்னவளா இருக்கும்போதே இறந்துட்டாங்க, ஏதோ உருவமா, உணர்வா மட்டும் நினைவிருக்கு, அழகா, அன்பா, ஆனா சோகமா இருப்பாங்கன்னு. 2005 படத்துல பார்த்தா, ரெட்டைப் பிள்ளைகளைப் பெத்த கையோட பிரசவ மேசையிலேயே அம்மா இறந்துடுறாங்க. எப்படி ஞாபகம் இருக்கும்? மூணாவது செமஸ்டர்ல ஒரு ராத்திரி இதை நான் பாயிண்ட் பாயிண்ட்டா நிரூபிச்சேன். வளர்ப்பு அம்மாவைச் சொல்றாளா? இல்ல, லூக் கேக்குறதே பெத்த அம்மாவைத்தான். ஃபோர்ஸ் சக்தியா? அது எதுக்கு வேணா போடுற பிளாஸ்திரி. ஆகவே இது சுத்தமான பிழை, வாதம் முடிஞ்சுதுன்னேன். எப்பவும் விடிய விடிய மல்லுக்கு நிக்கிறவன், அன்னைக்கு லைட்டை அணைச்சுட்டுப் படுத்துட்டான். ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன்.

இந்த எபிசோடுக்காகப் போன வாரம் போன் பண்ணப்போதான் சொன்னான். இதைச் சொல்லலாம்னு அவன்கிட்ட அனுமதி வாங்கிட்டேன். அவன் பிறந்து அஞ்சு மாசத்துல அவங்க அம்மா இறந்துட்டாங்க. அது எனக்குத் தெரியும், ஹாஸ்டல் ஃபார்ம்லயே பார்த்திருக்கேன். தெரியாதது என்னன்னா, அவனுக்கு அவங்க ஞாபகம் இருக்கு. ஒரு பச்சைப் புடவை, ஈரமான கை. அஞ்சு மாசக் குழந்தைக்கு அப்படி இருக்க வாய்ப்பில்ல, போட்டோவுல பார்த்ததா இருக்கும்னு வீட்ல எல்லாரும் சொல்வாங்களாம். வீட்ல இருக்கிற போட்டோ கருப்பு வெள்ளை மச்சின்னான்.

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அப்புறம் மெதுவா, "ஆனாலும் அது லாஜிக் ஓட்டைதானடா?"ன்னு கேட்டேன்.

"ஓட்டைதான். எவனாவது அடைச்சான்னா கொன்னுடுவேன்"ன்னான்.

அடுத்த வாரம் அவனே இங்க வர்றான். ஹான் முதல்ல சுட்டானா, கிரீடோ சுட்டானான்னு ஒரு மணி நேரம் பேசப்போறோம். 1997ல ஒரு தடவை மாத்தினாங்க, அப்புறமும் கை வச்சாங்க, 2019ல இன்னொரு தடவை. அதுக்குள்ள 1977 வெர்ஷன் யார்கிட்டயாவது பழைய டேப்ல இருந்தா எழுதுங்க. 'வெக்டர் பிரைம்' இப்போ என் கையில இருக்கு, அவன்தான் கூரியர்ல அனுப்பினான். நிலா விழுற பக்கத்துக்கு இன்னும் வரல.