தேய்ந்தது சுவிட்ச்தான், மவுஸ் அல்ல

(அறக்கட்டளையின் கணினிப் பயிற்சி வகுப்பு மாணவர், பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நமது பயிற்சி வகுப்பின் செலவுக் கணக்கில் அடிக்கடி வரும் வரி ஒன்று உண்டு: ‘புதிய மவுஸ்’. தொகை சிறியதுதான். ஆனாலும் அது நன்கொடையாளர்கள் நம்மை நம்பித் தந்த அமானிதம். அந்த வரியை எப்படிக் குறைப்பது, குறைக்கும்போதே நம் பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொழிலை எப்படிக் கற்றுத் தருவது என்பது பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

ஒரு மவுஸ் முழுவதுமாகக் கெட்டுப்போவது அரிது. அதில் தேயும் பாகங்கள் சிலவே: பட்டன்களுக்குக் கீழே இருக்கும் மைக்ரோ சுவிட்சுகள், நடுச்சக்கரம், ஓயாமல் வளையும் வயர், மேஜையில் உராயும் வழுக்குப் பட்டைகள். அசைவைக் கண்டறியும் சென்சாரில் அசையும் பாகம் எதுவும் இல்லை. ஆகவே அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

நம் மாணவர்கள் அதிகமாகச் சொல்லும் குறை, ஒருமுறை அழுத்தினால் கம்ப்யூட்டர் அதை இரண்டு முறை என்று எடுத்துக்கொள்கிறது என்பது. ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்பும் பிள்ளை ஒரு கட்டத்தில் ‘டிக்’ போட்டால், அடுத்த கணமே அது அழிந்துவிடும். கவனிக்காமல் அனுப்பிவிட்டால் விண்ணப்பமே தள்ளுபடி ஆகலாம்.

இதற்குக் காரணம் என்ன? மைக்ரோ சுவிட்சுக்குள் மெல்லிய செம்புக் கலவைத் தகடு ஒன்று இருக்கிறது. பட்டனை அழுத்தும்போது அது ஸ்பிரிங் போலத் துள்ளி எதிர் முனையைத் தொடுகிறது. நமக்குக் கேட்கும் சத்தம் அந்தத் துள்ளல்தான். ஒரு கோடி, இரண்டு கோடி அழுத்தங்கள் தாங்கும் என்று கணக்கிட்டே இவற்றைத் தயாரிக்கிறார்கள். நாளடைவில் தகடு விறைப்பை இழக்கிறது. தொடும் முனையில் கறை படிகிறது. அப்போது தொடர்பு விட்டு விட்டு ஏற்படுவதால் ஒரு அழுத்தம் இரண்டாகிவிடுகிறது.

இதில் நமக்கு உதவும் செய்தி ஒன்று உண்டு. உழைத்துத் தேய்வது பெரும்பாலும் இடது பட்டன்தான். வலது பட்டனின் சுவிட்ச் அநேகமாகப் புதிது போலவே இருக்கும். பெரும்பாலான மவுஸ்களில் இரண்டும் ஒரே அளவு. ஆகவே, ஒதுக்கிப் போட்ட ஒரு மவுஸின் வலது சுவிட்சை எடுத்து, மற்றொன்றின் இடது பக்கம் பொருத்தலாம். புதிய சுவிட்ச் வாங்கினாலும் மவுஸின் விலையில் சிறு பங்குதான் ஆகும். சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைவீதிகளில் கேட்டுப் பார்க்கலாம்.

வேலை முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் அந்த மவுஸை வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். குறை அங்கும் இருந்தால்தான் மவுஸைத் திறக்க வேண்டும். வயரைக் கழற்றிவிடுங்கள், வயர் இல்லாத மவுஸ் என்றால் பேட்டரியை எடுத்துவிடுங்கள். திருகாணிகள் கண்ணில் படாவிட்டால் வழுக்குப் பட்டைக்கும் லேபிளுக்கும் அடியில் தேடுங்கள். திறந்ததும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய சுவிட்சின் மூன்று கால்களிலும் உள்ள சால்டரை உருக்கி, உறிஞ்சும் பம்பால் எடுங்கள். சால்டர் முழுவதும் நீங்காமல் சுவிட்சைப் பிடுங்கினால் போர்டிலுள்ள செம்புப் பாதையும் சேர்ந்து உரிந்துவிடும். புதியதைப் பொருத்தும்போது அழுத்தும் குமிழ் பழையது இருந்த பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு காலிலும் இரண்டு மூன்று வினாடிச் சூடு போதும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். பல சால்டர்களில் ஈயம் இருப்பதால், முடித்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எல்லாக் குறைகளுக்கும் சால்டரிங் தேவைப்படாது. சக்கரம் தாவினால் அதன் அச்சில் சுற்றிய முடியையும் தூசியையும் நீக்கினாலே சில நேரம் சரியாகிவிடும். வயர் பெரும்பாலும் மவுஸுக்குள் நுழையும் இடத்தில்தான் அறுபடும். அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, எடுத்து வைத்த படத்தைப் பார்த்து ஒவ்வொரு வயரையும் அதனதன் இடத்தில் மீண்டும் பற்றவைக்கலாம். வழுக்குப் பட்டை தேய்ந்தால் பழைய பசையைத் துடைத்துவிட்டுப் புதிய டெஃப்லான் பட்டையை ஒட்டலாம்.

“கடைக்காரரே புதுசு வாங்கச் சொல்கிறாரே!” என்று நீங்கள் கேட்கலாம். அவர் சொல்வது அவருடைய கணக்குப்படி சரி. அரை மணி நேரக் கூலி ஒரு சாதாரண மவுஸின் விலையை எட்டிவிடும். நமது கணக்கு வேறு. இங்கே அந்த அரை மணி நேரம் பாடமாகிறது. சால்டரிங் பழக இதைவிட மலிவான பொருள் இல்லை. கை தவறினால் நஷ்டமாவது ஏற்கெனவே பழுதான ஒரு மவுஸ் மட்டுமே. இதில் கை பழகிய பிள்ளை நாளை ஹெட்போனையும் கீபோர்டையும் துணிந்து திறப்பான். மாணவியருக்கும் இது பொருந்தும்.

வீசியெறிவது எங்கே போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். ஐ.நா. அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் மட்டும் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம்தான். ஆகவே போர்டே எரிந்துபோன மவுஸில் சுவிட்ச், திருகாணி, வயர் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, மீதியை அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடமே கொடுக்க வேண்டும். குப்பைத் தொட்டியில் போடக் கூடாது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டிலும் கடையிலும் பழுதாகிக் கிடக்கும் மவுஸ்களை நமது அலுவலகத்தில் கொடுங்கள். என்ன குறை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதன்மேல் ஒட்டிவிடுங்கள். ஆசிரியர் முன்னிலையில் மாணவர்கள் அவற்றைச் சரிசெய்வார்கள். வகுப்புக்குத் தேவையானது போக மீதியை, கம்ப்யூட்டர் வைத்துப் படிக்கும் வசதி குறைந்த பிள்ளைகளுக்கு வழங்குவோம். இனி நமது வகுப்பில் ஒரு மவுஸைத் திறந்து பார்க்காமல் புதியதற்கு ரசீது எழுதக் கூடாது என்பதை ஒரு நடைமுறையாகவே வைத்துக்கொள்வோம்.