தேசிக்காயைக் கொண்டு வீட்டிலே சர்பத்து ஐஸ் செய்தல்
(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இக்கூட்டங்களில் நெல்லின் பசளையைப் பற்றியும், மிளகாய், கத்தரிப் பயிர்களின் நோய்களைப் பற்றியும் பேசுவதே எனது வழக்கம். இன்று அடுப்பங்கரை விடயமொன்றை எடுத்துக்கொண்டேன். இதைக் கேட்டு நகைக்க வேண்டாம். வளவிலே விளைந்த பொருள் வீணாகாமற் காப்பதும் கமத்தொழிலின் ஒரு பகுதியேயாகும்.

அண்மையில் ஒரு கமக்காரரின் வளவுக்குச் சென்றிருந்தேன். கிணற்றடியிலே நன்கு காய்த்த தேசி மரமொன்று நின்றது. மரத்தின் கீழே பழங்கள் விழுந்து, பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன. "ஏன் பறிக்கவில்லை?" என வினவினேன். "ஐயா, சந்தையில் விற்கும் விலை பறிகூலிக்கும் காணாது" என்றார். அவர் கூறியது உண்மையே. ஆனால் அதே வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் கடையில் வாங்கிய நிறமூட்டிய பானத்தைக் குடித்துக்கொண்டிருந்தனர். பழம் மண்ணிலே அழுக, பணம் கடைக்குச் செல்கின்றது. இந்நிலையைச் சிறிதளவேனும் மாற்றுவது எப்படி என்பதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

தேசிக்காயின் விலை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. மழைக்குப் பின் ஊர் மரங்கள் யாவும் ஒருங்கே பூத்து ஒருங்கே காய்ப்பதனால் சந்தை நிறைந்து விலை விழுகின்றது. வெயில் கடுமையாகி, யாவரும் தேசிக்காயைத் தேடும் நாட்களிலோ காய் அரிதாகி விலை ஏறுகின்றது. ஆகவே மலிவான காலத்துச் சாற்றை அரிதான காலத்துக்கு வைத்துக்கொள்பவரே புத்திசாலி. அவ்வாறு வைக்கும் முறையையும், அச்சாற்றைக் கொண்டு செய்யத்தக்க ஒரு குளிர்ந்த பண்டத்தையும் கூறுகிறேன்.

அப்பண்டம் சர்பத்து ஐஸ் ஆகும். மேல்நாட்டார் இதனைச் சோர்பே என்பர். நாம் சர்பத்து என வழங்கும் சொல்லும் அச்சொல்லும் குடித்தலைக் குறிக்கும் ஒரே அரபு மூலத்திலிருந்து வந்தவை. பாலும் முட்டையும் இதற்கு வேண்டியதில்லை. பழச்சாறு, சீனி, நீர் என்னும் மூன்றே போதும். கடை ஐஸ்பழம்போலக் கல்லாக இறுகாது, கரண்டியால் அள்ளக்கூடிய பதத்தில் இருப்பதே இதன் சிறப்பு.

தேசிச் சாற்றின் நன்மையை உலகம் அறிந்த கதை பழையது. 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர், முரசு கரைந்து இரத்தம் கசியும் நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் உண்ட இருவருமே விரைவிற் தேறினர். அவ்வாறு குணப்படுத்திய பொருள் விற்றமின் சீ என்பது பின்னரே தெரியவந்தது. இது வெப்பத்தினால் அழியக்கூடியது. குளிரில் பெரிதும் நிலைத்து நிற்பது. ஆதலால் சாற்றைக் கொதிக்க வைத்தல் கூடாது; குளிரவைத்துப் பேணுவதே சிறந்தது.

இனிப் பழத்தைத் தெரிவு செய்தலைப் பார்ப்போம். கரும்பச்சை நிறம் மாறி, இளம்பச்சையும் மஞ்சளும் கலந்து, தோல் மெல்லியதாய் மினுங்கும் பழங்களே சாறு மிகுந்தவை. கையிலே பாரமாக இருத்தல் வேண்டும். மரத்தை உலுப்பி விழுத்தாது, சிறு காம்புடன் வெட்டி எடுங்கள். அடிபட்ட பழம் விரைவில் அழுகுவதோடு பக்கத்துப் பழத்தையும் கெடுக்கும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. இப்பண்டத்திற்கு மணம் தருவது தோலேயாகும். நம்மிற் பலரது தேசி மரங்கள் மிளகாய், கத்தரிப் பாத்திகளின் ஓரத்தில் நிற்கின்றன. பாத்திக்குத் தெளிக்கும் பூச்சிநாசினி காற்றில் வந்து பழத்தோலிலும் படியும். மருந்துப் போத்தலின் சுட்டியில் அறுவடைக்கு முன் எத்தனை நாட்கள் பொறுக்க வேண்டும் எனக் குறிக்கப்பட்டிருக்கும். அந்நாட்கள் கழியும் வரை அம்மரத்துப் பழத்தைப் பறியாதீர்கள். பறித்த பின்னும் ஓடும் நீரில் நன்கு தேய்த்துக் கழுவுங்கள். மருந்து கலந்த வாளியையோ, வெறும் மருந்துப் போத்தலையோ எத்தனை முறை கழுவினாலும் உணவுக்குப் பயன்படுத்தலாகாது.

பாத்திரங்களும் கவனிக்கத்தக்கவை. தேசிச் சாறு கடும் புளிப்புடையது. ஈயம் பூசாத பித்தளை, செம்பு, அலுமினியம் ஆகியவற்றை அது அரித்துச் சுவையையும் உடல்நலத்தையும் கெடுக்கும். துருப்பிடிக்காத சில்வர், கண்ணாடி, பீங்கான் என்பனவே ஏற்றவை.

எட்டுப் பேருக்கு வேண்டிய அளவு பின்வருமாறு:

தேசிச் சாறு - 150 மில்லிலீற்றர் (நடுத்தரப் பழம் 10 முதல் 12 வரை)
சீனி - 250 கிராம்
நீர் - 500 மில்லிலீற்றர்
உப்பு - ஒரு சிட்டிகை
பழத்தோல் - இரண்டு பழங்களினது

முதலில் இரு பழங்களின் பச்சைத் தோலை மட்டும் கூரிய கத்தியால் மெல்லச் சீவி எடுங்கள். உள்ளிருக்கும் வெண்பகுதி கசக்கும், அதனைச் சேர்க்கலாகாது. நீரைக் கொதிக்க வைத்து, சீனியையும் உப்பையும் இட்டுக் கரைத்து இறக்குங்கள். இறக்கியவுடன் சீவிய தோலை அதிலிட்டு மூடி, நன்கு ஆறவிடுங்கள். இதற்கிடையில் பழங்களைப் பலகைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டிய பின் வெட்டிப் பிழியுங்கள். சாறு இலகுவாக இறங்கும். விதைகள் நசுங்கினால் கசப்பு ஏறுமாதலால் வடியினால் வடித்துக்கொள்ளுங்கள். பாகு முற்றாக ஆறிய பின்னரே சாற்றைக் கலந்து, தோலை வடித்து நீக்குங்கள்.

இக்கலவையை அகன்ற, ஆழமில்லாத பாத்திரத்தில் ஊற்றி, மூடி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வையுங்கள். ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் ஓரங்கள் உறையத் தொடங்கும். அப்போது முள்ளுக்கரண்டியால் ஓரத்தைச் சுரண்டி நடுவிற் சேர்த்துக் கிளறுங்கள். இவ்வாறு அரைமணி அல்லது முக்கால் மணிக்கு ஒருமுறையாக நான்கைந்து தடவை செய்தல் வேண்டும். கிளறாது விட்டால் நீர் பெரிய பளிங்குகளாக உறைந்து கட்டியாகும். கிளறினால் பளிங்குகள் சிறியனவாகி, வெண்ணிறமாய் மென்மையாய் வரும்.

சீனியின் அளவை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் எனக் கேட்பீர்கள். வெறும் நீர் பூச்சியப் பாகையில் உறையும். சீனி கரைந்த நீர் அதற்கும் கீழே சென்றே உறையத் தொடங்கும். முழுவதும் ஒருங்கே உறையாது சிறிது பாகு எஞ்சி நிற்கும். அப்பாகே பண்டத்தை மென்மையாக்குகின்றது. மேற்கூறிய அளவில் சீனி மொத்தப் பாரத்தின் நான்கிலொன்றுக்குச் சற்று மேலாகும். மிகக் குறைத்தால் கல்லாகும். மிகக் கூட்டினால் உறையவே மாட்டாது. ஒருவர் பங்கில் ஏறக்குறைய 30 கிராம் சீனி உண்டு. ஆகவே இதனை நாள்தோறும் உண்ணாது இடையிடையே உண்பதே முறை. நீரிழிவு உள்ளோர் தவிர்த்துக்கொள்ளுதல் நன்று. வயலில் வெயிலாற் களைத்து மயங்கியவருக்கு இது மருந்துமன்று. அவரை நிழலுக்குக் கொண்டுசென்று உடலைக் குளிர்வித்து, வைத்திய உதவியை நாடுங்கள்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டாரும் மனந்தளர வேண்டியதில்லை. ஐஸும் உப்பும் கொண்டு இதனைச் செய்யலாம். நொறுக்கிய ஐஸ் மூன்று பங்குக்குக் கல்லுப்பு ஒரு பங்கு, அதாவது நாலரை கிலோ ஐஸுக்கு ஒன்றரை கிலோ உப்பு, எனக் கலந்து ஒரு வாளியில் இடுங்கள். உப்பு ஐஸை உருகச் செய்யும். உருகும் ஐஸ் சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். இதனால் வாளியினுள் குளிர் பூச்சியத்துக்கு வெகு கீழே இறங்கும். கலவையை இறுக்கமான மூடியுள்ள சில்வர் பாத்திரத்தில் ஊற்றி அதன் நடுவே புதைத்து, வாளியைச் சாக்கினாற் சுற்றி, இடையிடையே மூடியைத் துடைத்துத் திறந்து கிளறிவாருங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இறுகும். மிஞ்சிய உப்புநீரை வயலிலோ, கிணற்றடியிலோ, மரத்தடியிலோ ஊற்றிவிடாதீர்கள். உவர் மண்ணைக் கெடுக்கும். தேசி மரமோ உவரைத் தாங்காத இனம்.

சுத்தத்தைப் பற்றி ஒன்று சொல்லாது விட முடியாது. குளிர் கிருமிகளைத் தூங்கவைக்குமேயன்றிக் கொல்லமாட்டாது. கிணற்று நீரை அப்படியே உறையவைத்தால், உருகும்போது கிருமிகள் விழித்துக்கொள்ளும். நெருப்புக் காய்ச்சலும் செங்கண்மாரியும் இவ்வாறே பரவுவதுண்டு. ஆதலால் நீர் நன்கு கொதித்தாறியதாக இருத்தல் வேண்டும். மீனுக்கு இடும் ஐஸை வாளியில் வெளியே வைத்துக் குளிரூட்டலாம். உணவுடன் ஒரு துளியும் கலக்கவிடலாகாது.

தேசிக்காய் பிழிந்த கையோடு வயலுக்குச் செல்லாதீர்கள். தேசித் தோலின் நெய்யும் சாறும் தோலிற் பட்டு அதன்மேல் வெயில் பட்டால், மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள் தோல் எரிந்து கொப்புளித்துக் கரும்படை விழும். சவர்க்காரமிட்டுக் கைகளைக் கழுவிய பின்னரே வெயிலில் இறங்குங்கள். பிள்ளைகளிடத்தும் இதனைக் கவனியுங்கள்.

இனிச் சாற்றைப் பேணும் முறை. விலை விழுந்த நாட்களில் மிகுந்த பழங்களைப் பிழிந்து வடித்து, ஐஸ் கட்டி செய்யும் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். உறைந்த கட்டிகளை உணவுக்குரிய பொலித்தீன் பையிலிட்டு, காற்றை நீக்கி, இறுகக் கட்டித் திகதியை எழுதி மீண்டும் உறைபகுதியிலேயே வையுங்கள். பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகை செல்சியஸ் குளிரில் மூன்று நான்கு மாதங்களுக்கு மணமும் சுவையும் நன்கு நிற்கும். வேண்டும்போது ஒன்றிரண்டு கட்டிகளை எடுத்துச் சொதிக்கும் சம்பலுக்கும் சர்பத்துக்கும் பயன்படுத்தலாம். கீரைக் கறியை இறக்கிய பின் சிறிது சேர்த்தால், கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடல் எளிதில் ஏற்கும். பிழிந்த தோல்களை எறிந்துவிடாது ஊறுகாய்க்கு இடுங்கள். எஞ்சியவை கூட்டெருக் குழிக்குச் செல்லட்டும்.

தோடம்பழம் உள்ளோர் அதன் சாறு 500 மில்லிலீற்றருக்குச் சீனி 175 கிராம், நீர் 150 மில்லிலீற்றர், தேசிச் சாறு 30 மில்லிலீற்றர் சேர்த்து இம்முறையிலேயே செய்யலாம். நமது நாட்டுத் தோடம்பழம் முற்றிப் பழுத்தும் பச்சையாகவே தோன்றும். இரவுக் குளிர் போதாமையே அதன் காரணம். நிறத்தைக் கண்டு புளிப்பென எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள்.

இதனைச் செய்து விற்கலாமா எனச் சிலர் கேட்பீர்கள். விற்கலாம், ஆனால் பிறர் பிள்ளைகள் உண்ணும் பொருள் என்பதை மறத்தலாகாது. தொடங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு, அவர் கூறும் ஒழுங்குகளின்படி செய்யுங்கள்.

கமக்காரர்களே, ஒரு மரத்துத் தேசிக்காயால் ஒருவரும் செல்வந்தராகிவிடுவர் என நான் கூறவரவில்லை. சந்தை விலை நமது கையில் இல்லை. ஆனால் மரத்தின் கீழே அழுகும் பழம் நமது கையில் உண்டு. கச்சான் வீசும் ஒரு நண்பகலில் வயலிலிருந்து களைத்து வரும் உங்களுக்கு, உங்கள் மரத்துச் சாற்றினால் உங்கள் பிள்ளை செய்த ஒரு கிண்ணச் சர்பத்து ஐஸ் கிடைக்குமாயின், அம்மரத்துக்கு ஊற்றிய நீர் வீண்போகவில்லை. இன்று வீடு திரும்பியதும் முதலில் தேசி மரத்தடிக்குச் சென்று பாருங்கள். விழுந்து அழுகியவற்றைக் கூட்டிக் குழியிலிடுங்கள். மரத்தில் நிற்பவற்றை நாளைக்கே பறியுங்கள்.